காயப்போட்ட வயிறு

திருவாலங்காடு
9 ஜூன் 2025

செல்விக்கு மாமா துளசிராமன் எழுதுவது.

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் தம்பி அன்புசெல்வன் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே டீக்கடை மணவாளனிடம், "இந்தப் பையன் ஒரு நாள் வயித்தைப் புடிச்சிக்கினு உழுவான், எழுதி வெச்சுக்கோ" என்று சொன்னேன். மணவாளன் எழுதி வைக்கவில்லை. அது என் தப்பா?

நீ என் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். தபால்காரரைத் தடுக்க உன் போனில் வசதி கிடையாது.

அந்த நர்சிங் ஹோமில் நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? பையன் கட்டிலில் உருண்டு கத்துகிறான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். அனுபவப்பட்டவன் பேசத்தானே வேண்டும். "குடிச்சிருப்பான் சார், ரெண்டு நாளு வயித்தைக் காயப்போடுங்க, தானா அடங்கும்" என்றேன். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நான் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்த காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே என்னிடம் வந்து, "துளசி, இந்த கேஸைப் பார்த்தா இன்னா தோணுது?" என்று கேட்பார்கள். நீ என்னடாவென்றால் அத்தனை பேர் எதிரில், "வெளியே போங்க மாமா, என் தம்பி குடிக்கமாட்டான்" என்று தோளைப் பிடித்துத் தள்ளினாய். தாய்மாமனைத் தள்ளினாய்.

சரி போகட்டும். அவன் இப்போது எப்படி இருக்கிறான்? அவன் கத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே சத்தத்தை நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதை எழுத இப்போது மனசில்லை.

துளசிராமன்


சென்னை, பெரிய ஆஸ்பத்திரி
13 ஜூன் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா இங்கே கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இப்போது சென்னையில் இருக்கிறோம். நீங்கள் போன மறுநாள் அன்புக்கு வலிப்பு வந்தது. நர்சிங் ஹோமில் வலிப்புக்கு ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பிறகு அடங்கியிருக்க வேண்டும். இவனுக்கு இன்னும் மோசமானது. அவர்களே பயந்துபோய் ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டார்கள்.

போன வருடம் இதே வலிக்குத்தான் குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். எடுத்த பிறகு, குடல்வால் நல்லாத்தான் இருந்தது என்றார்கள். இந்த முறை கம்பெனிப் புகையில் ஈயம் ஏறியிருக்கும் என்றார்கள். ரத்தத்தில் ஈயம் இல்லை. பிறகு மனநோய் என்றார்கள். சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று காட்டுகிறான், அதனால்.

நேற்று ஸ்பூனைத் தூக்கினான். பாதியில் கை விழுந்துவிட்டது. மாமா, எனக்கு ஒன்பது வயதில், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன அன்று அம்மா கட்டிலில் சாய்ந்தபடி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்தாள். மறுபக்கம் பின்னும்போது அவள் கை இப்படித்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் எனக்குத் தலை பின்னவே இல்லை.

இங்கே டாக்டர் ஸ்ரீவாணி என்று ஒருவர் இருக்கிறார். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிற டாக்டர். "உங்கம்மா எப்படி இறந்தாங்க?" என்று கேட்டார். குடல் முறுக்கிக்கொண்டது என்று நீங்கள் சொன்னதையே சொன்னேன். "அது உங்க மாமா சொன்ன காரணம். நான் கேக்கறது என்ன நடந்ததுன்னு" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் இல்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் கேட்ட அந்தச் சத்தம் அம்மாவுடையதுதானே? எழுதுங்கள். டாக்டர் எழுத்தில் கேட்கிறார், கேஸ் பேப்பரோடு வைக்க வேண்டுமாம். போனில் சொன்னால் நீங்கள் கதை கட்டுவீர்கள். எழுதினால் கை வலிக்கும், பொய் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

தபாலில் போடாதீர்கள். தினம் சென்ட்ரலுக்கு ரயிலில் வருகிற உங்கள் ஊர் கோபாலிடம் கொடுத்தனுப்புங்கள். மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறான். நாள் இல்லை.

தமிழ்செல்வி


திருவாலங்காடு
14 ஜூன் 2025

செல்விக்கு,

டாக்டரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார்.

என் தங்கை மணியம்மாள், உன் அம்மா, ஆடி மாசம் கூழ் ஊற்றுவதற்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தாள். அவளை மாதிரி விரதம் இருக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. கூழ் ஊற்றின மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பிலேயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில் எனக்காக நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் சல்யூட் அடித்தார். இதை நீ டாக்டரம்மாவுக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒன்றும் அகப்படவில்லை. நான் அவளுக்கு வெறும் தண்ணீர்கூட அதிகம் கொடுக்கவில்லை. காயப்போட்டேன். ரெண்டாம் நாள் கூரையில் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். மணி படிக்காதவள், ஆனால் பொய் சொல்லமாட்டாள், அதனால் நானும் கூரையைப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு தமாஷ் நடந்தது. அவளால் எழுந்து போக முடியாததால் ஒன்றுக்கு பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்திருந்தோம். நல்ல வெயில் அடிக்கிற ஜன்னல். மத்தியானம் ஆயாம்மா வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, பாட்டில்ல காப்பி ஊத்தி வெச்சிக்கீறே? இது இன்னா ஓட்டலா?"

"நான் காப்பியே குடிக்கறதில்லம்மா. டீதான்."

"அப்ப இது யாரு ஊத்தனது, உன் மாமனா?"

வார்டே சிரித்தது. காலையில் அது சாதாரண மஞ்சளாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன், எனக்குத் தெரியும். அன்றைக்கு மணியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் கை விழுந்தது, கால் விழுந்தது, கடைசியில் மூச்சு.

எழுதினால் கை வலிக்கும் என்றாயே, வலித்தது கை இல்லை.

துளசிராமன்


சென்னை
17 ஜூன் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். ரயில் நின்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். பாட்டில் வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாமா நம்பகமான ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். மன்னியுங்கள், வேறு எப்படிச் சொல்வது?

"பரவாயில்ல. இதை யாரும் சும்மா கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது" என்றார். அன்புவின் சிறுநீரை எடுத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, வெயில் வருகிற ஜன்னலில் வைக்கச் சொன்னார். லேபுக்கும் கொஞ்சம் அனுப்பினார். நான் ஜன்னலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததால் மாறுகிறதா என்று தெரியவில்லை. டீ வாங்கப் போய்விட்டு வந்தேன். கறுத்திருந்தது மாமா. கடுங்காப்பி நிறம்.

லேபும் அதையே சொல்லிவிட்டது. நோயின் பெயர் போர்பைரியா. ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற பொருளை உடம்பு செய்யும்போது பாதியிலேயே தடைபட்டு, அந்தப் பாதிச் சரக்கு விஷம் மாதிரி சேர்ந்துவிடுகிறதாம். அது நரம்பில் ஏறினால் வலி, பிறகு சுவரில் ஆள், பிறகு கை, பிறகு மூச்சு. மிக அபூர்வமாம். இவர் இத்தனை வருட வேலையில் மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறாராம்.

நர்சிங் ஹோமில் போட்ட வலிப்பு ஊசி எல்லாருக்கும் நல்ல ஊசி. இந்த நோய்க்கு மட்டும் நஞ்சு. அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொன்று. பட்டினி இந்த நோயைக் கிளப்பிவிடும், ஏற்கெனவே கிளம்பியிருந்தால் ஏற்றிவிடும். குளுக்கோஸ்தான் முதல் மருந்து. சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டாக்டர் யார் யாருக்கோ போன் செய்கிறார். அது வரும்வரை இவன் மூச்சு தாங்க வேண்டும். குழாய் போட்டிருக்கிறார்கள். நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்செல்வி


திருவாலங்காடு
20 ஜூன் 2025

செல்விக்கு,

நான் சொன்னேனா இல்லையா? மூன்று ஆஸ்பத்திரி கண்டுபிடிக்காததை துளசிராமன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கடிதத்தில் கண்டுபிடித்தான். மணவாளன் கடையில் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா வியாதி மாமா அது?"

"போர்பூரியா."

"பூரியா? கிழங்கு கூடவா?"

"சிரி. அந்த வியாதிக்கு நல்லா துன்றதுதான் மருந்து. பூரின்னு பேரு வெச்சவன் முட்டாளில்ல."

செவ்வாப்பேட்டை வரைக்கும் செய்தி போயிருக்கிறது. நேற்று ஒருத்தன் முழங்கால் வலிக்கு என்னிடம் வழி கேட்டான். வெயிலில் பாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குளுக்கோஸ் என்றால் சர்க்கரைத் தண்ணீர்தானே? வீட்டில் இருக்கிற சர்க்கரைதானே? மணி வெல்லம் கேட்டாள். ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "அண்ணா, வாயில ஒரு துண்டு வெல்லம் போடு" என்றாள். நான் கொடுக்கவில்லை.

அன்பு எப்படி இருக்கிறான் என்று உடனே எழுது.

துளசிராமன்


சென்னை
8 ஜூலை 2025

மாமாவுக்கு,

மருந்து வந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். முதல் வார்த்தையாக "பசிக்குது" என்றான். டாக்டர் கை தட்டினார். கைகளில் இன்னும் பலம் இல்லை. நடக்க மாதங்கள் ஆகும். ஆனால் இருக்கிறான்.

வெல்லத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல டாக்டருங்களுக்கே தெரியாது. அதுக்காக அவரை யாரும் கோச்சுக்கக் கூடாது" என்றார். நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இது ரத்த வழியில் வருகிற நோய். அன்புக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தாத்தா பாட்டி யாரிடமிருந்தோ. அப்படியென்றால் உங்களுக்கும் இருக்கலாம். இருந்தும் ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாமல் தூங்கலாம். ஆம்பிளைகளை விடப் பெண்களைத்தான் அதிகம் எழுப்புமாம். எனக்குப் பயமெல்லாம் அருணாவை நினைத்துத்தான். உங்கள் ஒரே பெண். அம்மா மாதிரியே எதற்கெடுத்தாலும் விரதம் இருக்கிற பெண்.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நீங்களும் அருணாவும் வந்து கொடுங்கள். டாக்டர் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். போடக் கூடாத மருந்துகள், ஒரு வேளைகூடப் பட்டினி கூடாது என்பது எல்லாம் அதில் இருக்கிறது. இதை அருணா எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நானே அவளுக்குப் போன் செய்திருப்பேன். பெற்றவர் சொல்வதுதான் முறை என்று விட்டிருக்கிறேன்.

தமிழ்செல்வி


திருவாலங்காடு
13 ஜூலை 2025

செல்விக்கு,

அன்பு பிழைத்ததற்குத் திருவள்ளூர் வீரராகவன் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கரைத்துவிட்டேன்.

அருணா விஷயம். ஆவணியில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை தணிகைவேல், திருநின்றவூரில் சொந்த பிளாட், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க பேசினா பேசிக்கினே இருக்கலாம்னு தோணுது" என்றான். அப்படிப்பட்ட தங்கமான பையன். அவன் அம்மா மட்டும் வேறு ரகம். பெண் பார்க்க வந்த அன்று கேட்ட முதல் கேள்வியே, "உங்க ஊட்ல யாருக்காவது சுகர், பிரஷர் கீதா?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வம்சமே இரும்பு" என்றேன்.

இந்த நேரத்தில் ரத்தம் கொடுக்க அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும்? கல்யாணம் முடியட்டும். அவள் என்னைப் போல. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

துளசிராமன்


சென்னை
17 ஜூலை 2025

மாமா,

கல்யாணம் முடியட்டும் என்று சொல்ல இது நகை எடுக்கிற விஷயம் இல்லை. ரத்தம் பிறகு கொடுக்கட்டும், டாக்டரும் சம்மதிக்கிறார். ஆனால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் பட்டினி இருக்கமாட்டாள், யாரும் ஊசி போட வந்தால் அட்டையைக் காட்டுவாள். தெரியாவிட்டால் அம்மா கதைதான்.

நேற்று அன்பு என்னிடம், "அக்கா, சுவத்துல நின்னவங்க பொம்பளை. உன்ன மாதிரி இருந்தாங்க" என்றான். அம்மா முகம் அவனுக்கு நினைவு கிடையாது. நோயில் தோன்றுவதுதான் என்று தெரியும். தெரிந்தும் சுவரைப் பார்க்காமல் படுக்க முடியவில்லை.

நீங்கள் சொல்கிறீர்களா, நான் திருநின்றவூருக்கே போய்ச் சொல்லட்டுமா?

தமிழ்செல்வி


திருவாலங்காடு
25 ஜூலை 2025

அம்மாடி செல்வி,

கோபப்படாதே. சொல்லிவிட்டேன். நீ எங்கேயும் போக வேண்டாம்.

நேற்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் அருணா உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்து, பெரிய டாக்டர்கள் எப்படித் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்களோ அப்படிக் கனைத்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, காசு ஏதாவது வேணுமா?" என்றாள்.

"காசு இல்லம்மா. உங்க அத்தை மணி எப்படிச் செத்தாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், காப்பி, அன்பு, குழாய், எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் முகம் வெளுத்தது. பிறகு அட்டையை வாங்கிப் படித்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப நேரத்துக்கு நாஷ்டா துன்னணும், விரதம் இருக்கக் கூடாது, கல்யாணத்துக்கு எளைக்கணும்னு பட்டினி கிடக்கக் கூடாது. இது வியாதியா நைனா, வரமா?"

"உன் மாமியாகிட்ட இப்பவே சொல்லிடலாமா?" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு? அவங்க சோறு போடாம உட்டாத்தானே பேஜாரு. போடலைன்னா அட்டையைக் காட்றேன்" என்று போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். செல்விக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாள். நீ போன் செய்து இதைக் கிளறாதே, கல்யாணப் பெண், தைரியமாக இருக்கும்போது அப்படியே விட்டுவிடலாம்.

எனக்கு வந்த தைரியம்தான் அவளுக்கும்.

துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
20 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

கல்யாணத்துக்கு வர முடியாததற்கு மன்னியுங்கள். அன்புவை விட்டு வர முடியவில்லை. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறான். கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லையாம். நான் அழுதேன், அன்புதான் சமாதானப்படுத்தினான்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை மடித்து என் பர்ஸில் வைத்திருக்கிறேன். அதைப் படித்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். கல்யாண வாழ்த்து அனுப்பும்போது அருணாவுக்கு, "வேளைக்குச் சாப்பிடு" என்று மட்டும் போட்டேன். கட்டைவிரல் படம் அனுப்பினாள். உங்கள் நம்பரையும் போனில் திறந்துவிட்டேன். கதை சொல்லாமல் பேசுவதாக இருந்தால் பேசுங்கள்.

அவளை ரத்தம் கொடுக்க எப்போது கூட்டி வருகிறீர்கள்? டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தமிழ்செல்வி


திருவாலங்காடு
23 அக்டோபர் 2025

செல்விக்கு,

தீபாவளி நன்றாக நடந்தது. மாப்பிள்ளை என் காலில் விழுந்தான். ரத்தம் கொடுப்பது மழை நின்றதும் பார்க்கலாம்.

சும்மா ஒரு சந்தேகம். அருணாவின் மாமியார் போன் செய்தார். அருணா கந்த சஷ்டி விரதம் ஆரம்பித்திருக்கிறாளாம், ஆறு நாளும், குழந்தை வரத்துக்கு. முடித்துத் திருத்தணிக்குப் போகிறார்களாம். "உங்க பொண்ணு ஒரு வாய் பாலோட நிக்கிறா சம்பந்தி, எங்க ஊட்டுக்கு வந்த லட்சுமி" என்றார். பால் குடித்தால் பட்டினி ஆகாதுதானே? வயதுப் பெண், திடமான உடம்பு. அந்த அம்மாவிடம் இப்போது போய் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்.

டாக்டரம்மாவைப் பார்த்தால் பொதுவாகக் கேட்டு வை. அருணா பெயரைச் சொல்ல வேண்டாம். போனில் கேட்கலாம் என்று எடுத்தேன், கை வேலை வந்துவிட்டது.

துளசிராமன்


சென்னை, பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
28 அக்டோபர் 2025

மாமா,

நீங்கள் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருப்பது ஜன்னலில் தெரிகிறது. போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆம்பிளைகளை மேலே விடமாட்டார்கள். அதனால் ஆயாம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் 23ஆம் தேதிக் கடிதம் நேற்று காலையில்தான் வந்தது. பிரிக்கும்போதே, அருணா வயிற்று வலியில் துடிக்கிறாள் என்று தணிகைவேல் போன் வந்துவிட்டது.

தணிகைவேலிடம் போனிலேயே சொல்லிவிட்டதால் திருநின்றவூரில் யாரும் ஊசி போடவில்லை. நேராக இங்கே கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் ஏறுகிறது. பாட்டில் ஜன்னலில் கறுத்துவிட்டது. கைகால் இன்னும் அசைகிறது. வலி மட்டும் தாங்க முடியாமல் என் கையைக் கடித்தாள். அவள் கத்துகிற சத்தம் கீழே கேட்கிறதா?

ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. வலி கொஞ்சம் அடங்கினதும் நான் அவளைத் திட்டினேன். "உங்கப்பா ஜூலையிலேயே படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, அட்டையைக்கூட வாங்கி வெச்சுக்கினியே, அப்புறம் எப்படிடி ஆறு நாள் பட்டினி கிடந்தே?" என்றேன்.

"இன்னாக்கா சொல்றே? எந்த அட்டை? நைனா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

கொல்லைப்புறத்தை நினைவுபடுத்தினேன். வேர்க்கடலையைச் சொன்னேன். சிரித்தாயே என்றேன். "எனக்குப் பயமா இருக்குக்கா, நீ இன்னா பேசறேன்னே புரியல" என்று அழுதாள். போன் கவரைக் கழற்றிப் பார்த்தேன். அட்டை இல்லை.

டாக்டர் ஸ்ரீவாணி இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் முகம் மாறிவிட்டது. நான் பர்ஸிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். நடந்த ஒரு முழு சாயங்காலமே நினைவில் இல்லை என்றால் நோய் மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமாம். அன்புவுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகவில்லையாம். "நினைவு தப்பியிருக்கிறது" என்று கேஸ் பேப்பரில் எழுதிவிட்டார். இப்போது தலைக்கு ஸ்கேன், முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது, பிறகு மயக்கத்தில் வைத்துக் குழாய் போடுவதா என்று பெரிய டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்கள். மயக்க மருந்திலும் இவளுக்கு ஆகாதவை இருக்கின்றன. கொஞ்சம் தவறினாலும் போய்விடுவாள்.

அருணா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு பைத்தியம் புடிச்சிருச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன சொல்ல?

அவளிடம் அன்றைக்கு வேறு என்ன பேசினீர்கள், எதையாவது சொன்னால் அவளுக்கு நினைவு வருமா? உடனே எழுதி அனுப்புங்கள். ஆயாம்மா பதிலுக்குக் காத்திருப்பார்.

செல்வி


கீழே, மரத்தடி
28 அக்டோபர்

செல்வி,

சத்தம் கேட்கிறது.

டாக்டரம்மாவிடம் உடனே ஓடிப் போய்ச் சொல். ஸ்கேன் வேண்டாம், முதுகில் குத்த வேண்டாம், மயக்கத்தில் போட வேண்டாம். இந்தச் சீட்டையே அவர் கையில் கொடு. கேஸ் பேப்பரில் எழுதினதை அடிக்கச் சொல்.

என் பெண்ணுக்கு நினைவு தப்பவில்லை. அவள் சொல்வதுதான் சரி. அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது, அன்று முதல் இருக்கிறது, இதோடு வைத்து அனுப்புகிறேன். அன்று சாயங்காலம் நான் கொல்லைப்புறம் வரைக்கும் போனது உண்மை. அவள் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். அருணாவின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அவளுக்குப் பைத்தியம் இல்லை என்று அவளிடம் சொல். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேர்க்கடலை, சிரிப்பு, வரமா என்று அவள் கேட்டது, எல்லாம் நான் உட்கார்ந்து கட்டினது.

துளசிராமன்